பலகையில் அவர்கள் பெயர், சம்பளப் பதிவேட்டில் நம் பெயர்



பாடியில் மேம்பாலம் இறங்கி, அம்பத்தூர், திருமுல்லைவாயில் வழியாக ஆவடி வரைக்கும் சி.டி.எச். சாலையில் ஒரு மாலை நேரம் நிதானமாக வந்து பாருங்கள். 1974-ல் பதினான்கு வயதுக் கடைப்பையனாக நான் இந்தச் சாலைக்கு வந்தபோது, கடைப் பலகைகளில் முதலாளியின் பெயர் இருக்கும், அவருடைய தகப்பனார் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் முருகன் பெயரோ அம்மன் பெயரோ இருக்கும். இன்று தேநீர்க்கடை, மருந்துக்கடை, மூக்குக்கண்ணாடிக்கடை, ஐஸ்கிரீம் கடை, முடிதிருத்தும் நிலையம், பிரியாணிக்கடை என்று எங்கு பார்த்தாலும் கம்பெனிப் பெயர்கள். ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே சீருடை. உள்ளே கல்லாவில் இருப்பவர் யார் என்று பார்த்தால் நம் சங்க உறுப்பினரின் மகன், அல்லது மருமகன். பெயரை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். இதற்குப் பிராஞ்சைஸ் என்று பெயர்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், திருமுல்லைவாயிலில் சர்க்கரை, மைதா மொத்த வியாபாரம் செய்யும் நண்பரின் மகன் என் கடைக்கு வந்தான். கையில் ஐம்பத்தெட்டுப் பக்க ஒப்பந்தம். "அண்ணாச்சி, டீக்கடை பிராஞ்சைஸ் எடுக்கலாம்னு இருக்கேன். அப்பா உங்ககிட்ட காட்டிட்டு கையெழுத்துப் போடச் சொன்னாரு" என்றான். எனக்கு இங்கிலீஷ் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்தான். ஆனாலும் முப்பது வருஷமாக ஏஜென்சி ஒப்பந்தங்களைப் படித்துப் பழக்கம் உண்டு. இரண்டு இரவு உட்கார்ந்து பென்சிலோடு படித்தேன்.

முதல் நாற்பது பக்கமும் என்ன செய்ய வேண்டும் என்பதுதான். காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். தேயிலைத்தூளை அவர்களிடமே வாங்க வேண்டும். பாலை அவர்கள் சொல்லும் நிறுவனத்தில் வாங்க வேண்டும். டீ விலையை அவர்கள் நிர்ணயிப்பார்கள். பில் போடும் மெஷின் அவர்களுடையது. கேமரா அவர்கள் ஆபீசில் தெரிய வேண்டும். வேலைக்கு வரும் பையனுக்கு அவர்களிடம் ஏழு நாள் பயிற்சி. அவன் முடியை எப்படி வெட்டியிருக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு வரி இருந்தது. அதன் பிறகு நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் ஒரு பிரிவு. பணியாளர்கள் முழுக்க உரிமம் பெறுபவரின் ஆட்கள், கம்பெனிக்கும் அவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, அவர்கள் தொடர்பாக எந்த வழக்கு வந்தாலும் கம்பெனிக்கு ஏற்படும் செலவையும் சேர்த்து உரிமம் பெறுபவரே ஈடுகட்ட வேண்டும் என்று இருந்தது.

பையன் கேட்டான்: "சம்பளம் நான்தானே கொடுக்கப் போறேன் அண்ணாச்சி, அதுல என்ன தப்பு?" தப்பு என்று நான் சொல்லவில்லை. முடிவெட்டு வரைக்கும் உத்தரவு போடுகிறவர், சம்பளம் என்று வந்ததும் சம்பந்தமே இல்லை என்கிறாரே, இது எப்படி என்றுதான் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கம்பெனி பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். உத்தரவு போடுவது வெறும் அதிகாரத் திமிர் என்று நினைத்துவிடக் கூடாது. வணிகச்சின்னச் சட்டமே அவர்களை அப்படிச் செய்யச் சொல்கிறது. ஒரு பெயரை நம்பி ஜனங்கள் பொருள் வாங்குகிறார்கள். அந்தப் பெயரை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் என்ன விற்கிறார் என்றே பார்க்காமல் இருந்தால் அந்தப் பெயருக்கு அர்த்தம் போய்விடும். பழைய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சரி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த 1999-ஆம் ஆண்டு வணிகச்சின்னச் சட்டத்திலும் சரி, பெயரைப் பயன்படுத்துபவராக ஒருவரைப் பதிவு செய்ய வேண்டுமானால், உரிமையாளருக்கு அவர்மேல் எந்த அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதை விண்ணப்பத்திலேயே காட்ட வேண்டும். தரம் பற்றிய நிபந்தனையை எழுதி வைத்துவிட்டு அமல்படுத்தாமல் விட்டால் அந்தப் பதிவையே ரத்து செய்யலாம்.

நம்மில் மூத்தவர்களுக்கு கோல்டு ஸ்பாட், லிம்கா கிரேட்டுகள் நினைவிருக்கும். பார்லே நிறுவனம் அந்தப் பெயர்களை 1993-ல் கோகோ கோலாவுக்கு விற்றது. நமக்கு அப்போது தெரிந்ததெல்லாம் வண்டியில் வேறு பெயர் வந்தது என்பதுதான். ஆனால் குஜராத்தில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. அகமதாபாத்திலும் ராஜ்கோட்டிலும் பாட்டிலில் அடைத்துக் கொடுத்த குஜராத் பாட்லிங் கம்பெனியின் பங்குகள் 1995-ல் பெப்சி தரப்புக்குக் கைமாறின. பெயர் ஒருவருடையது, ஆலை அவருடைய போட்டியாளர் கையில். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் அதே ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரைக்கும், விலகல் நோட்டீஸ் காலம் உட்பட, போட்டியாளரின் பானத்தைத் தயாரிக்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்றார்கள். வணிகச்சின்ன உரிமத்தைப் பற்றியும் அந்தத் தீர்ப்பில் விளக்கம் இருக்கிறது. பெயரை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், ஆனால் ஜனங்கள் ஏமாறக் கூடாது, பெயரின் தனித்தன்மை கெடக் கூடாது, பொருளுக்கும் பெயரின் சொந்தக்காரருக்கும் வணிகத் தொடர்பு அறுந்துபோகக் கூடாது. ஆகவே கம்பெனிக்காரர் கேமரா வைப்பதற்கும், தூளை அவரிடமே வாங்கச் சொல்வதற்கும் சட்டத்தில் ஆதாரம் இருக்கிறது.

பெயர் ஓரிடம், உற்பத்தி ஓரிடம் என்பது அம்பத்தூருக்குப் புதிதும் இல்லை. 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று எல்லாம் சீமைப் பெயர்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலை வாசலில் முதல் தேதி சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து என் முதலாளி கடையில் மாதக் கணக்கைத் தீர்த்த தொழிலாளி யாருக்கும், தனக்கு முதலாளி யார் என்ற சந்தேகம் வந்ததில்லை. பெயர் எங்கிருந்து வந்தாலும் கேட் ஒன்றுதான், மேனேஜர் ஒருவர்தான். சிக்கல் வருவது, பெயருக்கும் வேலையாளுக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கும்போது.

அந்தச் சிக்கலை நான் கோர்ட்டுத் தீர்ப்பில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. எங்கள் அத்தை நாற்பது வருஷம் பீடி சுற்றினார். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலை, ஒரு மூலையில் தூள், பக்கத்தில் நூல்கண்டு. அடுப்பில் சோறு கொதிக்கும், கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பார். கடைக்காரர் கட்டுகளைப் புரட்டிப் பார்த்து, சரியில்லை என்று ஒரு கையளவை ஒதுக்கிப் போடுவார். அதற்குக் கூலி கிடையாது. இலை எடை குறைந்தால் அத்தை காசிலிருந்து பிடித்தம். பீடியின் மேல் ஒட்டும் லேபிளில் இருக்கும் பெயர், பல ஊர்க் கடைகளில் தொங்குகிற பெரிய பெயர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரை அத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் பீடிக் கடைக்காரர் ஒருவர்தான். நான் ஆவடியில் மொத்தக் கடை வைத்த பிறகு அதே லேபிள் போட்ட பண்டல்களை விற்றிருக்கிறேன். அத்தை சுற்றியதாக இருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நினைப்பு வரும்.

லேபிள் முதலாளிகள் அந்தக் காலத்தில் கோர்ட்டில் சொன்னது, இன்று அந்த நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதியிருப்பதேதான். நாங்கள் இலையையும் தூளையும் காண்டிராக்டருக்கு விற்கிறோம், அவர் பீடியாக்கி எங்களுக்கு விற்கிறார், சுற்றுகிறவர்கள் அவருடைய ஆட்கள், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை. சேலத்தில் ஐக்கிய பீடித் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்து வழக்காடியது. எதிர்த்தரப்பு டி.சி. திவான் மொகிதீன் சாகிப் அண்டு சன்ஸ். தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று ஏறி இறங்கி 1964-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. காண்டிராக்டர் என்று சொல்லப்பட்டவர்கள் சொந்த முதல் இல்லாத ஏழைகள், இலையும் தூளும் விற்பதாக எழுதியது வெறும் கண்துடைப்பு, எல்லாக் கட்டுப்பாடும் பீடி முதலாளியிடமே இருந்தது, ஆகவே சுற்றுகிறவர்களுக்கு முதலாளி அவர்தான் என்று தீர்ப்பானது.

அதற்குப் பிறகு 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. யாருக்காக வேலை நடக்கிறதோ அவரே முதன்மை வேலையளிப்பவர் என்று அதில் எழுதினார்கள். பணம் முன்கூட்டிக் கொடுத்தோ சரக்கு கொடுத்தோ கட்டுப்பாட்டை வைத்திருப்பவரையும் அதில் சேர்த்தார்கள். மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வணிகச்சின்னத்தின் சொந்தக்காரர், நடுவில் காண்டிராக்டர் இருக்கிறார் என்று காட்டித் தப்பிக்க முடியாது என்பதும் அதில் தெளிவாயிற்று. 1985-ல் பி.எம். பட்டேல் அண்டு சன்ஸ் வழக்கில், வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று தீர்ப்பு வந்தது. அங்கே கட்டுப்பாட்டுக்கு அடையாளமாக எதை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? சரியில்லாத பீடியைக் கழித்துப் போடும் உரிமையை! அத்தை வாய்க்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவாரே, அந்தக் கையளவு கழிவுதான் அவருக்குப் பென்ஷன் வாங்கிக் கொடுத்தது. மாதம் சில நூறு ரூபாய்தான், ஆனாலும் சாகும் வரைக்கும் வந்தது.

சினிமா தியேட்டர் கதையையும் சொல்ல வேண்டும். ஐதராபாத்தில் ராயல் டாக்கீஸ் என்ற தியேட்டர். உள்ளே கேண்டீனையும் வெளியே சைக்கிள் ஸ்டாண்டையும் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. கட்ட வேண்டியவர் யார்? 1978-ல் உச்ச நீதிமன்றம் தியேட்டர் முதலாளிதான் என்றது. டீ விற்பதும் சைக்கிளுக்கு டோக்கன் போடுவதும் சினிமா காட்டும் தொழிலோடு ஒட்டிய வேலைகள் என்பது காரணம். அதே வருஷம் கேரளத்தில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலை வழக்கிலும், இடையில் எத்தனை காண்டிராக்டர் இருந்தாலும் திரையை விலக்கி உண்மையான முதலாளியைப் பார்க்க வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

இதையெல்லாம் கேட்ட பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ நாளைக்கு ஏதாவது வந்தா கம்பெனியையும் சேர்த்து இழுத்துடலாம்ல, அண்ணாச்சி?" என்றான். அவசரப்படாதே தம்பி என்றேன். வாசகர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். சேலத்துக் காண்டிராக்டருக்கு முதல் கிடையாது, லாபநஷ்டம் கிடையாது. நம் பையன் பதினெட்டு லட்சம் சொந்தப் பணம் போடுகிறான். கடை வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில், ஜி.எஸ்.டி. பதிவு அவன் பெயரில், உணவு உரிமம் அவன் பெயரில், ஆளை வைப்பதும் நிறுத்துவதும் அவன். திரையை விலக்கிப் பார்த்தால் அங்கே நிற்பது அவனேதான். பீடிச் சட்டத்தைப் போல, பெயரின் சொந்தக்காரரைப் பிடித்து நிறுத்தும் சட்டம் பிராஞ்சைஸ் தொழிலுக்கென்று நம் நாட்டில் இல்லை. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, பழைய பீடிச் சட்டம், 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் எல்லாம் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. சம்பளம் கொடுக்க வேண்டியவர் கொடுக்காவிட்டால் அந்த ஸ்தாபனத்தின் உரிமையாளர் பொறுப்பு என்று ஊதியத் தொகுப்பின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. டீக்கடைக்கு உரிமையாளர் யார் என்று கேட்டால் பலகையைப் பார்க்க மாட்டார்கள், பதிவுச் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் இதே தகராறு பெரிய அளவில் நடந்தது. 2014-ல் மெக்டொனால்டு நிறுவனத்தையும் அதன் கடைக்காரர்களையும் கூட்டு முதலாளிகளாகக் கருதலாம் என்று அங்குள்ள தொழிலாளர் உறவு வாரியத்தின் தலைமை வழக்கறிஞர் நடவடிக்கை எடுத்தார். 2019-ல், நிறுவனம் கூட்டு முதலாளி என்ற முடிவு இல்லாமலேயே சமரசமாக முடிந்தது. நடுவில் 2018-ல், வணிகச்சின்னத்தைக் காப்பதற்காகச் செய்யும் கட்டுப்பாட்டை வைத்து ஒருவரை முதலாளி ஆக்கக் கூடாது என்று அவர்கள் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகவில்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் வாரியத்தின் விதி மாறுகிறது. 2023-ல் கொண்டுவந்த விதியை 2024-ல் டெக்சாஸ் கோர்ட்டு ரத்து செய்தது. அவர்களுக்கே இந்தக் கதி என்றால், நாம் கோர்ட்டை நம்பிக் கடை போட முடியாது.

டெல்லியில் நடந்ததைக் கவனித்தால் இன்னும் தெளிவாகும். அங்கே மெக்டொனால்டு கடைகளை நடத்தியது, விக்ரம் பக்ஷி என்பவரும் அந்த நிறுவனமும் பாதிக்குப் பாதி வைத்திருந்த கனாட் பிளாசா என்ற கம்பெனி. 2013-ல் இருவருக்கும் தகராறு. 2017 ஜூன் கடைசியில், உரிமங்கள் புதுப்பிக்கப்படாததால் டெல்லியில் 43 கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 1,700 பேர் வேலையில் இருந்தார்கள். ஆகஸ்டில், வடக்கிலும் கிழக்கிலும் இருந்த 169 கடைகளுக்குப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையையே நிறுவனம் ரத்து செய்தது. 2019 மே மாதம்தான் சமரசம் ஏற்பட்டு, பக்ஷியின் பங்கை நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெரிய மனிதர்கள் இருவரும் பல கோர்ட்டுகளில் வழக்காடினார்கள். பர்கர் தட்டை நீட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் காலையில் வந்து, கதவு மூடியிருப்பதைத்தான் பார்த்தார்கள். ஆறு பேர் வேலை செய்கிற நம் அம்பத்தூர் டீக்கடையில் பலகையைக் கழற்றினாலும் இதேதான். ஆறு பேரும் கம்பெனி ஆபீசுக்குப் போக மாட்டார்கள், பையனுடைய வீட்டுக்குத்தான் வருவார்கள்.

இதுவரை வாங்குகிறவர் பக்கம் நின்று எழுதிவிட்டேன். பெயரைக் கொடுக்கிறவர் பக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மை ஆகாது.

2006 வாக்கில் என் கடைப் பெயர் போட்ட 25 கிலோ அரிசிப் பைக்கு இந்தப் பக்கம் நல்ல பெயர். செங்குன்றம் பக்கத்தில் அரிசி பேக்கிங் செய்யும் ஒருவர் வந்து, உங்கள் பெயரில் நானே அடித்து விற்கிறேன், பைக்கு நான்கு ரூபாய் தருகிறேன் என்றார். உட்கார்ந்த இடத்தில் காசு. சரி என்றேன். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுதான். ஒரே ஒரு தடவை அவர் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன், அதுவும் வாஸ்து பூஜைக்கு. இரண்டு வருஷம் ஓடியது.

ஒரு நாள் காலையில் கடை திறந்ததும் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கூட ஒரு சின்னப் பிள்ளை. வலது கையில் கட்டு, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இடது கையில் என் பெயர் போட்ட பையை மடித்து வைத்திருந்தாள். அரிசியை மேலே ஏற்றும் எலிவேட்டர் பெல்ட்டில் கை சிக்கியிருக்கிறது. பேக்கிங்காரர் ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு, ஷெட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். பத்துப் பேருக்குக் குறைவாகக் கணக்குக் காட்டி அவர் இ.எஸ்.ஐ. கட்டவே இல்லை. "அவரு எங்க இருக்காருன்னு தெரியல ஐயா. பையில உங்க பேருதான் போட்டிருக்கு" என்றாள்.

பூந்தமல்லி கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். விபத்து நடந்த இடம் உங்கள் ஆளுகையில் இல்லை, வேலையை நீங்கள் மேற்பார்வை செய்யவில்லை, ஆகவே 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தில் உங்களைக் கொண்டுவர முடியாது, தைரியமாகப் போங்கள் என்றார். எனக்கு நிம்மதி வந்தது, உண்மை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னது தலையில் அடித்தது. "மேற்பார்வையே செய்யலன்னு கோர்ட்ல சொன்னா இதுல தப்பிச்சிடுவீங்க. ஆனா நாளைக்கு எவனாவது உங்க பேரைப் போட்டு அரிசி வித்தா, இது என் பேருன்னு எப்படிச் சண்டை போடுவீங்க? நீங்கதான் பார்க்கவே இல்லையே!" அந்த மாதமே இரண்டு கடைக்காரர்கள் பையில் குருணை அதிகம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கண்காணித்திருந்தால் அந்தப் பெல்ட்டுக்கு மூடி இல்லை என்பது என் கண்ணில் பட்டிருக்கும். கண்காணிக்காததால் கை எனக்குப் பொறுப்பில்லை என்று ஆயிற்று. இதை என்னவென்று சொல்வது?

அவளுக்கு இரண்டு தவணையாக நாற்பதாயிரம் கொடுத்தேன். அது நஷ்டஈடு ஆகாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு யாருக்கும் வாய்ப்பேச்சில் பெயர் கொடுத்ததில்லை. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால்தான் அது சட்டப்படியான அனுமதி என்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இப்போது ஒருவர் என் பெயரில் பருப்பு உடைத்துப் பேக்கிங் செய்கிறார். இ.எஸ்.ஐ. ரசீது இல்லாமல் அவர் பில்லுக்குப் பணம் கிடையாது. மாதம் ஒரு தடவை போய், பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, மெஷினுக்கு மூடி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வருகிறேன். இதனால் நானும் முதலாளிதான் என்று ஒரு கோர்ட்டு சொன்னால் சொல்லட்டும்.

பையனின் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். பென்சிலால் நான் குறித்த இடங்கள் நான்கு. முதலாவது அந்த ஈடுகட்டும் பிரிவு. கம்பெனி சொன்னபடி செய்ததால் வரும் வழக்குக்கும் நாம் ஏன் கம்பெனியின் வக்கீல் செலவைக் கட்ட வேண்டும்? அவர்கள் உத்தரவால் வந்தது அவர்களுக்கு, நம் தவறால் வந்தது நமக்கு என்று பிரித்து எழுதச் சொன்னேன்.

இரண்டாவது, வேலை நேரம். காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை திறந்திருக்கச் சொல்கிறார்கள். அதற்கு இரண்டு ஷிப்ட் ஆள் வேண்டும். ஆனால் அவர்கள் போட்டுக் கொடுத்த லாபக் கணக்கில் ஒரே ஷிப்டுக்குத்தான் சம்பளம் போட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மிகுதி வேலைக்கு இரட்டைக் கூலி என்று தொழிலாளர் துறை ஆய்வாளர் கேட்டால், கம்பெனியின் லாபக் கணக்கைக் காட்டித் தப்ப முடியாது.

மூன்றாவது, உட்காரும் இடம். 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, வேலை செய்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே 2018-ல் வந்துவிட்டது. நாள் முழுக்க நின்ற கால்களைப் பற்றி நமக்குத் தெரியாததா? நானும் நின்றவன்தான். ஆனால் கம்பெனி கொடுத்த கடை வரைபடத்தில் கவுண்டருக்குப் பின்னால் இரண்டடிதான் இடம், முக்காலி போட வழியில்லை. வரைபடத்தை மாற்றினால் ஒப்பந்த மீறல், மாற்றாவிட்டால் சட்ட மீறல். நோட்டீஸ் வருவது பையன் பெயருக்கு.

நான்காவது, ஒப்பந்தம் முடியும்போது என்ன என்பது. அவர்கள் முப்பது நாள் நோட்டீசில் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பவோ வேறு வேலை பார்த்துக் கொடுக்கவோ முப்பது நாள் போதாது. தொண்ணூறு நாளும், அந்தக் காலத்துக்கு ராயல்டி இல்லை என்றும் கேட்கச் சொன்னேன்.

ஐந்தாவதாக ஒன்று சொன்னேன், அது ஒப்பந்தத்தில் இல்லாதது. கம்பெனிக்காரர் அவனை மூன்று கடை எடுக்கச் சொல்லியிருக்கிறார், தள்ளுபடி உண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் கொரட்டூர், அம்பத்தூர், பட்டாபிராம் என்று மூன்று கடை எடுத்தார். எட்டு, ஏழு, ஒன்பது என்று ஆட்கள். ஒவ்வொன்றிலும் இருபதுக்குக் குறைவுதானே என்று பி.எப். கட்டவில்லை. கிளைகளைத் தனித்தனியாகப் பார்க்க மாட்டார்கள், ஒரே முதலாளி, ஒரே கணக்கு என்றால் சேர்த்துத்தான் எண்ணுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நான்கு வருஷத்துக்குச் சேர்த்து வட்டியோடும் அபராதத்தோடும் கட்டினார். பலகைக்காரக் கம்பெனியிடம் போய்க் கேட்டதற்கு, நாற்பத்து மூன்றாம் பக்கம் மாதிரி ஒன்றைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கம்பெனி மேல் அவருக்கு இன்னும் கோபம். தொழிலாளியின் பணத்தை நான்கு வருஷம் கட்டாமல் வைத்திருந்தது அவர்தானே என்று எனக்கு அவர் மேல் கோபம். இதை நேரிலும் சொல்லியிருக்கிறேன், ஆகவே இங்கே எழுதுவதில் தவறில்லை.

பையன் நான்கு குறிப்பையும் எடுத்துக்கொண்டு போனான். கம்பெனியின் ஏரியா மேனேஜர் முதலில், எல்லோரும் இப்படியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மாற்ற முடியாது என்றாராம். இரண்டு வாரம் இவன் பேசாமல் இருந்ததும் அவரே கூப்பிட்டார். நோட்டீசை அறுபது நாள் ஆக்கினார்கள். ஈடுகட்டும் பிரிவில், கம்பெனியின் எழுத்து மூலமான உத்தரவால் வரும் வழக்கு நீங்கலாக என்று ஒரு வரி சேர்த்தார்கள். வேலை நேரத்தை இரவு பத்தோடு முடிக்க ஒப்புக்கொண்டார்கள். வரைபடத்தை மட்டும் மாற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

தை பிறந்ததும் கடை திறந்தான். ஒரு கடைதான் எடுத்தான். ஆறு பேர் வேலை செய்கிறார்கள், இரண்டு ஷிப்ட். சம்பளப் பதிவேடு என்னிடம் காட்டித்தான் ஆரம்பித்தான். கவுண்டரை அரை அடி முன்னால் தள்ளி, பின்னால் இரண்டு முக்காலி போட்டிருக்கிறான். போன வாரம் ஏரியா மேனேஜர் வந்து அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறாராம். கம்பெனியிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை.